நீருக்கடியில் விளம்பரம் எடுக்க செட்டிநாட்டில் தொட்டி தேடுவது எப்படி?

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்து மயங்கி வருகிற விளம்பரக் குழு அடுத்ததாகக் கேட்பது, "பக்கத்துல ஆழமான குளம் இருக்கா?" என்றுதான். ஆழம் இரண்டரை மீட்டர் போதும். கிடைக்காமல் திண்டாட வைப்பது நீளமும் தெளிவும்.

படி 1: முதலில் அளவு டேப்

தண்ணீருக்குள் கேமரா உறையின் தட்டைக் கண்ணாடி வழியாக எடுத்தால் லென்ஸின் பார்வை சுருங்கும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 32 மி.மீ. போல ஆகிவிடும். சேலை விரிய மிதக்கும் ஒருவரை 3 மீட்டர் அகலத்தில் அடக்க, கேமரா 2.7 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் (டோம் எனும் குவிந்த கண்ணாடி என்றால் 2 மீட்டர்). கேமராமேன் கால் நீட்ட 1.5, நடிப்பவர் அசைய 1, பின்திரைக்கு 2. ஆக, ஏறக்குறைய 7 மீட்டர் நீளமில்லாத தொட்டிக்கு அலைய வேண்டாம்.

படி 2: எதைத் தேடுவது, எதை விடுவது

ஊருணியை விட்டுவிடுங்கள். செம்மண் நுண்துகள் எளிதில் படியாது. ஒரு உதை உதைத்தால் அன்றைய ஷூட்டிங் முடிந்தது. ஊர் குடிக்கிற தண்ணீராகவும் இருக்கலாம். கிணற்றில் ஆழம் உண்டு, பின்வாங்க இடமில்லை. மூச்சுத் திணறினால் சட்டென்று ஏறவும் முடியாது. பம்புசெட் தொட்டி முக நெருக்கக் காட்சிக்கு ஆகும். நகை, பாட்டில் மட்டும் என்றால் 120×60×60 செ.மீ. கண்ணாடித் தொட்டியே போதும். 430 லிட்டர்தான் பிடிக்கும். கண்ணாடிக்கு நேராக நின்று எடுங்கள், சாய்ந்தால் ஓரங்களில் நிறம் பிரியும்.

பெரிய ஷாட்டுக்கு, காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் விடுதியாக மாறிய பழைய வீடுகளின் நீச்சல்குளங்களைப் பாருங்கள். போனில் சொல்லும் ஆழத்தை நம்பாமல் கம்பு விட்டு அளந்து பாருங்கள்.

வளவிலேயே (வீட்டின் உள்முற்றத்திலேயே) தொட்டி கட்டலாமே என்று ஆசை வரும். ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் சதுர மீட்டருக்கு ஒரு டன். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் விரிசல் விட்டால் வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வீர்கள்? மொட்டை மாடி பேச்சே வேண்டாம்.

படி 3: தண்ணீர்

7×4×2.5 மீட்டர் என்றால் 70,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஆறு நடை. போர் தண்ணீர் என்றால் நிரப்புமுன் ஒரு பாட்டிலில் பிடித்து, ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடர் போட்டுக் குலுக்கி அரை மணி வையுங்கள். டீ நிறத்துக்குத் திரும்பினால் இரும்பு இருக்கிறது. கண்ணாடிபோல் இருந்த தண்ணீர் குளோரின் பட்டதும் பழுப்பாவது இதனால்தான். வேறு தண்ணீர் தேடுங்கள்.

லேசான கலங்கலுக்கு ஆயிரம் லிட்டருக்கு 20 கிராம் படிகாரம். வாளியில் கரைத்துச் சாயங்காலம் ஊற்றிக் கலக்கி, பம்பை நிறுத்திவிடுங்கள். காலையில் அடிவண்டலை உறிஞ்சி எடுக்கவேண்டும். துடைப்பம் போட்டால் அத்தனையும் மேலே வரும். பிறகு பிஎச் 7.2–7.6 இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் கண் எரியும். பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள்; அடியில் தங்கும் சுண்ணாம்பு பால்போல் பரவும். புதிதாக நிரப்பிய தண்ணீரை ஒரு நாள் விடுங்கள். இல்லாவிட்டால் நுண்குமிழிகள் விளக்கொளியில் வெள்ளைப் புள்ளியாக விழும்.

படி 4: சோதனை

லேமினேட் செய்த தாளில் ஓர் அங்குல எழுத்துகள். ஒருவர் நீருக்குள் பிடிக்க, 5 மீட்டர் தள்ளி இன்னொருவர் நீச்சல் கண்ணாடியோடு படிக்க வேண்டும். ஆட்கள் இறங்கி ஒரு மணி நேரம் கழித்து மறுபடி செய்யுங்கள். தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய் படலமாக நிற்பது அப்போதுதான் தெரியும். கண்டாங்கிச் சேலை கட்டுவதென்றால் முதல்நாளே வாளியில் ஊறவைத்துச் சாயம் போகிறதா பாருங்கள்.

விளக்குகள் கரைக்கு வெளியே, கட்டிய கம்பத்தில். எல்லா லைனும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக. நடிப்பவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க நீச்சல் தெரிந்த ஒரு பாதுகாவலர்.

முன்பணம் கொடுக்குமுன், தற்காலிகத் தொட்டியென்றால் தண்ணீரை எங்கே விடுவது என்று பேசி முடியுங்கள். குளோரின் தணிய இரண்டு மூன்று நாள் வெயிலில் விட்டு, சொந்தக்காரர் சம்மதத்தோடு தோப்புக்குப் பாய்ச்சலாம். ஊருணிக்கு நீர் வரும் வரத்துக்காலில் மட்டும் திறந்துவிடாதீர்கள்.