நேட்டால் ஆளுநரின் கடிதங்கள்: படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911இல் ஒப்பந்தக் கூலி முறை நிற்கும்வரை, தென்னாப்பிரிக்கத் தமிழர் வரலாற்றின் பெரும்பங்கு, அங்கிருந்த பிரிட்டிஷ் குடியேற்ற நாடான நேட்டாலின் ஆளுநருக்கும், அத்தகைய நாடுகளைக் கவனித்த அரசுத் துறையான லண்டன் குடியேற்ற நாட்டு அலுவலகத்துக்கும் இடையே போய்வந்த கடிதங்களில் கிடக்கிறது. லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் சி.ஓ. 179 என்ற வரிசையில் இவை தொகுதிகளாகக் கட்டப்பட்டிருக்கின்றன. இவற்றை மேற்கோள் காட்டுவோர் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: கையொப்பம் யாருடையது என்று பார்க்கிறார்கள், கருத்து யாருடையது என்று பார்ப்பதில்லை.

முதலில் ஆண்டைக் கவனியுங்கள். 1893இல் நேட்டாலுக்குப் பொறுப்பாட்சி கிடைத்தது. அதன்பின் உள்நாட்டு விவகாரங்களில் ஆளுநர், சட்டமன்றத்துக்குப் பதில் சொல்லும் அமைச்சர்களின் ஆலோசனைப்படியே நடந்தாக வேண்டும். ஆனால் கடிதத்தின் தோற்றம் மாறவேயில்லை. அதே விளிப்பு, அதே பணிவான முடிப்பு, அதே கையொப்பம். ஆகவே 1893க்குப் பிந்தைய டெஸ்பாட்ச் (ஆளுநர் லண்டனுக்கு அனுப்பும் அதிகாரபூர்வ மடல்) ஒன்றை எடுத்தால், உடனே இணைப்புகளைப் புரட்டுங்கள். அமைச்சர்கள் ஆளுநருக்கு எழுதிய குறிப்பு அங்கே இருந்தால் கருத்து அவர்களுடையது. ஆளுநர் அதை அனுப்பிவைக்கிறார், அவ்வளவே. அவருடைய சொந்தக் கருத்து பெரும்பாலும் ‘இரகசியம்’ என்று குறிக்கப்பட்ட தனி மடலில் இருக்கும். சாதாரண எண்வரிசையில் அது வராது என்பதால், எண்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகிறவர் கண்ணில் படாமலே போய்விடும்.

இந்த வேறுபாட்டை 1906 அப்பட்டமாகக் காட்டுகிறது. இரண்டு காவலர்கள் கொல்லப்பட்ட வழக்கில் ஆப்பிரிக்கர் 12 பேருக்கு இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. தண்டனையை நிறுத்திவைக்கும்படி லண்டனில் குடியேற்ற நாடுகளுக்கான செயலராக (அமைச்சராக) இருந்த எல்ஜின் பிரபு தந்தி அனுப்பினார். நேட்டால் அமைச்சரவை பதவி விலகியது, லண்டன் பின்வாங்கியது, ஏப்ரல் 2 அன்று தண்டனை நிறைவேற்றப்பட்டது. அப்போது ஆளுநராக இருந்த ஹென்றி மக்கலம் 1907இல் இலங்கைக்கு ஆளுநராகப் போனார். இலங்கை முடிக்குரிய குடியேற்ற நாடு, அதாவது லண்டன் நேரடியாக ஆண்ட நாடு. அங்கே செயலரின் அறிவுறுத்தலை எதிர்த்துப் பதவி விலகப் பொறுப்பான அமைச்சரவை என்று ஒன்று இல்லை. நேட்டால் தொகுதியைப் படித்த கண்ணோடு இலங்கைக்குரிய சி.ஓ. 54ஐ, அல்லது அதைப் படித்த கண்ணோடு இதைப் படித்தால் தவறு நிச்சயம்.

அடுத்த பெரிய பிழை, ‘லண்டன் மறுத்துவிட்டது’ என்று அவசரப்பட்டு எழுதுவது. 1894இல் இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதாவை நேட்டால் நிறைவேற்றியது. ஐரோப்பியர் அல்லாதவருக்கு மட்டும் தடை விதிக்கும் மசோதாக்களை அரசியின் ஒப்புதலுக்காக ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது ஆளுநருக்கான அரச அறிவுறுத்தல். அதன்படி அது லண்டன் போனது. காந்தி முன்னின்று திரட்டிய சுமார் 10,000 கையொப்பங்கள் கொண்ட மனு செயலர் ரிப்பன் பிரபுவுக்குச் சென்றது. 1895 செப்டம்பரில் அடுத்த செயலர் சேம்பர்லின், மசோதாவை அந்த வடிவில் ஏற்க இயலாது என்று எழுதினார். ‘அந்த வடிவில்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1896இல் வந்த 8ஆம் எண் சட்டம் இனப்பெயரை விட்டுவிட்டு, நாடாளுமன்ற வாக்குரிமை அடிப்படையிலான தேர்தல் அமைப்புகள் இல்லாத நாட்டினர் என்று சுற்றிவளைத்தது. விளைவு அதே, ஒப்புதலும் கிடைத்தது. 1895ஆம் ஆண்டுத் தொகுதியோடு நிறுத்திக்கொள்பவர், தோற்ற மனுவை வென்ற மனுவாக எழுதிவிடுவார். அந்த மனுவில் கையெழுத்திட்டவர்களுக்கு இது அநீதி.

ஒதுக்கிவைத்தலும் தள்ளுபடியும் வேறுவேறு. ஒதுக்கப்பட்ட மசோதா ஒப்புதல் வரும்வரை சட்டமாகாது. ஆளுநர் ஒப்புதல் தந்த சட்டமோ நடைமுறைக்கு வந்துவிடும். அதைத் தள்ளுபடி செய்ய லண்டனுக்கு 2 ஆண்டு அவகாசம் உண்டு. தள்ளுபடி செய்யாததைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

லண்டன் குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் உள்குறிப்புகளில் இன்னும் கவனம் வேண்டும். வந்த மடலோடு சேர்ந்திருக்கும் தாளில் எழுத்தர் முதலில் எழுதுவார், பிறகு மேலதிகாரிகள், கடைசியில் செயலர். நம்மூர் அரசு அலுவலகத்தின் குறிப்புக் கோப்பு போலத்தான். சுவையான வரி பெரும்பாலும் இளநிலை அதிகாரியுடையது. அதை ‘பிரிட்டிஷ் அரசு கருதியது’ என்று எழுதாதீர்கள். சுருக்கொப்பங்களை அந்த ஆண்டின் அலுவலகப் பட்டியலோடு ஒப்பிட்டு, கடைசி ஒப்பம் யாருடையது, அனுப்பப்பட்ட வரைவில் எந்த வரி மிஞ்சியது என்று பாருங்கள். முடிவு என்பது அனுப்பப்பட்ட மடல்தான்.

பெயர்களும் ஏமாற்றும். 1895இல் ‘எல்ஜின் பிரபு’ என்றால் இந்திய வைஸ்ராய். ஒப்பந்தம் முடிந்தவர்கள் மீது நேட்டால் கேட்ட 25 பவுன் வரியை 3 பவுனாகக் குறைத்து ஒப்புக்கொண்டவர். 1906இல் செயலராக இருப்பவரும் அவரே. 1848இல் கனடாவில் பொறுப்பாட்சிக்கு வழிவிட்ட எல்ஜின் அவருடைய தந்தை.

தேதி விஷயம் எளிது. எழுதிய நாள், லண்டனில் பதிவு முத்திரை விழுந்த நாள், பதில் அனுப்பிய நாள் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கப்பல் தபாலுக்கு வாரக்கணக்காகும். தென்னாப்பிரிக்காவுக்குக் கடலடித் தந்தி 1879 கடைசியில்தான் வந்தது. அதே ஆண்டு ஜனவரி 22இல் சூலுக்களிடம் பிரிட்டிஷ் படை கண்ட இசண்டல்வானா தோல்வி லண்டனுக்குத் தெரிந்தது பிப்ரவரி 11 அன்று. தந்தி வந்தபின் வேறு சிக்கல்: தந்தி முந்திக்கொள்ளும், விளக்க மடல் பின்னால் வரும். இரண்டும் முரண்பட்டால், ஆளுநர் மனம் மாறினார் என்று எழுதுவதற்கு முன் எது எப்போது புறப்பட்டது என்று பாருங்கள். நாடாளுமன்றத்துக்காக அச்சிட்ட நீலப் புத்தகத்தில் தந்திகளின் வாசகம் மாற்றி எழுதப்பட்டிருக்கலாம், மடல்கள் பகுதியாக மட்டும் வந்திருக்கலாம். அச்சுப்படியை மூலமாகக் கொள்ள வேண்டாம்.

ஒப்பந்தத் தொழிலாளர் பற்றித் தேடுபவர்கள் ஆளுநரின் டெஸ்பாட்சுகளோடு நின்றுவிடுகிறார்கள். ஓர் ஆண்டின் தொகுதிகளில் முதலில் டெஸ்பாட்சுகள், அடுத்துப் பிற அரசுத் துறைகளின் கடிதங்கள், பிறகு தனிநபர்களின் கடிதங்கள் என்று வரிசை அமைந்திருக்கும். இந்தியாவைக் கவனித்த லண்டன் துறையான இந்தியா அலுவலகம் எழுதியவை இரண்டாம் பகுதியில் இருக்கின்றன. ஒரு கடிதம் எங்குமே அகப்படவில்லையானால் பதிவேட்டைப் பாருங்கள். சட்டப்படி அழிக்கப்பட்டது என்ற முத்திரை அங்கே இருக்கக்கூடும். அப்போதும் வழி உண்டு: லண்டனிலிருந்து போன மடலின் மூலமும் ஆளுநர் வைத்துக்கொண்ட நகலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தின் ஆளுநர் மாளிகைக் கோப்புகளில் தேடப்பட வேண்டியவை. இந்தியத் தரப்பு டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் குடிபெயர்வுப் பிரிவு நடவடிக்கைகளில் இருக்கிறது.

மேற்கோள் தரும்போது தொகுதி எண், டெஸ்பாட்ச் எண், தேதி, லண்டன் பதிவு எண் நான்கையும் தாருங்கள். டெஸ்பாட்ச் எண் ஒவ்வொரு ஜனவரியிலும் 1இல் தொடங்குவதால், ஆண்டு இல்லாத எண்ணை வைத்து யாராலும் அந்தக் கடிதத்தைத் தேடி எடுக்க முடியாது.