தமிழ் எழுத்தை எண்ணும் ஃபங்ஷனுக்கு பைடெஸ்டில் டெஸ்ட் எழுதுவது

பைத்தானில் ஒரு தமிழ்ச் சொல் விளையாட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று சொல்லும் ஃபங்ஷன்தான் அதற்கு உயிர். 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து; பைத்தானில் நீளம் சொல்லும் லென் 5 என்கிறது. இகரக் குறியும் புள்ளியும் அதற்குத் தனித்தனி. அதனால் குறிகளைத் தள்ளிவிட்டு எண்ணும்படி எழுதினேன்.

டெஸ்டுகளை ஓட்டித்தரும் பைடெஸ்ட் என்ற பைத்தான் கருவியில், முதலில் எல்லாச் சொற்களையும் ஒரே ஃபார் லூப்பில் போட்டு டெஸ்ட் செய்தேன். 'லக்ஷ்மி'யில் விழுந்தது: 'க்ஷ்' ஒரே எழுத்து என்பதால் 3 வரவேண்டிய இடத்தில் 4. அதைச் சரிசெய்து ஓட்டினால் 'ஸ்ரீ'யில் விழுந்தது. முதல் தோல்வியிலேயே லூப் நின்றுவிடும், பின்னால் இருப்பது தெரியாது. ஒரு மாலை முழுக்க இப்படியே போனது.

இப்போது செய்வது இதுதான். டெஸ்ட் ஃபங்ஷனுக்கு மேல் வரியில் @ போட்டு பைடெஸ்ட்.மார்க்.பாராமெட்ரைஸ் என்ற டெக்கரேட்டரை வைக்கிறேன்; ஒரே டெஸ்டை வேறு வேறு மதிப்புகளோடு ஓட்டவைப்பது இதன் வேலை. ஆங்கிலத்தில் தட்டும்போது டி-க்கும் ஆர்-க்கும் நடுவே ஈ போடாதீர்கள், பைடெஸ்ட் ஏற்காது. முதல் ஆர்குமென்ட், ஒரே ஸ்டிரிங்கில் 'சொல், எண்ணிக்கை' என்ற பெயர்கள். இரண்டாவது, டியூப்பிள்களின் லிஸ்ட்:

('தமிழ்', 3)
('அம்மா', 3)
('அஃது', 3)
('லக்ஷ்மி', 3)
('ஸ்ரீ', 1)
('', 0)

டெஸ்ட் ஃபங்ஷன் அதே இரண்டு பெயர்களை வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே, விடை சரியா என்று பார்க்கும் ஒரே ஒரு அசர்ட் வரி போதும். ஓட்டினால் ஆறு தனி டெஸ்ட். இரண்டு விழுந்தாலும் மற்ற நான்கும் ஓடி முடியும்.

விழுந்த டெஸ்டின் பெயரில் தமிழ் தெரியாது, யூனிகோடு எண்களாக மாறியிருக்கும். முழி பிதுங்கிவிடும். டியூப்பிளுக்குப் பதிலாக பைடெஸ்ட்.பாராம் எழுதி, ஐடி என்ற ஆர்குமென்டில் ரோமன் எழுத்தில் ஒரு பெயர் கொடுங்கள். அப்புறம் பைடெஸ்டை ஓட்டும்போது -கே ஆப்ஷனில் அந்தப் பெயரைக் கொடுத்து அந்த ஒன்றை மட்டும் ஓட்டலாம்.

'கொ' ஒரே ஒகரக் குறியோடும் வரும், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளோடும் வரும். இதற்கு இன்னொரு பாராமெட்ரைஸை மேலே அடுக்கி, 'வடிவம்' என்ற பெயருக்கு என்எஃப்சி (குறிகளைச் சேர்த்து எழுதும் யூனிகோடு வடிவம்), என்எஃப்டி (பிரித்து எழுதும் வடிவம்) இரண்டையும் கொடுங்கள். டெஸ்டுக்குள் சொல்லை அந்த வடிவத்துக்கு மாற்றிவிட்டு எண்ணுங்கள். லிஸ்டில் ('கொடி', 2) என்று ஒன்றையும் சேர்த்தால் ஏழு சொல், இரண்டு வடிவம், பதினான்கு டெஸ்ட்.

'ஸ்ரீ'க்கு மட்டும் இது போதாது. அதை ஸகரத்தாலும் எழுதுகிறார்கள், ஶகரத்தாலும் எழுதுகிறார்கள். திரையில் பெரும்பாலும் ஒன்றுபோலவே தெரியும், என்எஃப்சி இரண்டையும் சேர்க்காது. ஆகவே லிஸ்டில் இரண்டையும் தனித்தனி ஐடியோடு, யூனிகோடு எண்ணாகவே எழுதிவைத்திருக்கிறேன்.