வாடகை வான் பிடிப்பதற்கு முன்

பாரிஸுக்கு வந்து இருபது வருடம். இன்றுவரை லைசென்ஸ் எடுக்கவில்லை. கீழே இறங்கினால் மெட்ரோ, கையில் நவிகோ அட்டை, அதுவே போதுமாக இருந்தது. கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் தங்கை கார் இல்லாவிட்டால் பால் வாங்கவும் போகமாட்டாள். போன ஆடியில் இருவரும் சேர்ந்து யாழ்ப்பாணம் போனோம். அவள் காருக்கு ஆள் தேட, நான் 750 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினேன்.

பருத்தித்துறையில் பெரியம்மா வீட்டு வாசலில் நடந்து வந்து நின்றதும் அவர் முகம் கறுத்துவிட்டது. "வெளிநாட்டுப் பிள்ளை பஸ்ஸில வந்தா சனம் என்ன கதைக்கும்? ஒரு வானைப் பிடி, எல்லாரும் போவம்." மறுக்க வாய் வரவில்லை. விட்டுவிட்டுப் போனவன் எந்த முகத்தோடு மறுப்பது?

பதினான்கு பேர். ஆறு மணிக்கு வெளிக்கிடுவதாகச் சொன்னது ஒன்பதாயிற்று. சந்நிதி, கீரிமலை, நல்லூர் என்று கோயில்கள், இடையில் சேலைக் கடை. கரவெட்டியில் சின்னம்மா வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. வெளியே சாரதி ஹோர்ன் அடித்தபடி. சின்னம்மா கதிரையைப் பிடித்து எழுந்து, "புட்டு அவிச்சு வைச்சிருக்கிறன், சாப்பிட்டுப் போவன்" என்றார். பத்து நிமிடம்கூட இருக்கவில்லை.

90களில் போர், யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. சொட்டுப் பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய காலம். மற்றவர்களுக்குச் சைக்கிள்தான். சின்னம்மா என்னைக் கரியரில் ஏற்றி ட்யூஷனுக்கு நெல்லியடி வரை உழக்கினார். அதே சைக்கிள் சுவரோடு சாய்ந்து நின்றது, டயரில் காற்றில்லாமல்.

ஆகவே ஊருக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கொழும்பிலிருந்து ரயிலில் வருவதென்றால் இருக்கையை நேரத்தோடு பதிவு செய்யுங்கள். 2014 இல் யாழ்ப்பாணம்வரை பாதை திரும்பத் திறந்ததிலிருந்து கூட்டத்துக்குக் குறைவில்லை. உள்ளூர் பஸ் இருட்டினால் குறைந்துவிடும், திரும்பும் நேரத்தை ஏறும்போதே நடத்துநரிடம் கேளுங்கள். வான் பிடிக்கத்தான் வேண்டும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் எத்தனை இடத்துக்குப் போவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று முதல்நாளே பேசிவிடுங்கள்.

அப்புறம், உங்களைத் தூக்கிச் சுமந்தவர் யாராவது அங்கே இருந்தால், வான் கதை தொடங்குமுன் தனியாகப் போய்விடுங்கள். காலையில் போங்கள். நெல்லியடிச் சந்தியில் இறங்கினால் ஓட்டோ நிற்கும்.