அலாஸ்கா கப்பல் பயணம்: கரையிறங்கும் நாள்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையோரமாக ஒரு வாரம் சென்று திரும்பும் கப்பல் பயணம், அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரைக் கோடையில் அழைத்துச் செல்லும் பயணங்களுள் ஒன்றாகிவிட்டது. கப்பலுக்குள் தவறு செய்ய அதிக வாய்ப்பில்லை. சாப்பாடும் படுக்கையும் வேளாவேளைக்குக் கிடைத்துவிடுகின்றன. கெச்சிக்கன், ஜூனோ, ஸ்காக்வே என்று கப்பல் நிற்கும் ஊர்களில்தான் காசும் நேரமும் வீணாகின்றன. என் பெற்றோருடன் சென்றபோது நான் செய்த தவறுகளும், உடன் வந்தவர்கள் செய்யப் பார்த்த தவறுகளும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை: அட்டவணையில் அச்சாகியிருக்கும் நேரம் முழுவதும் நம் கையில் இருப்பதாக எண்ணிக்கொள்வது.

ஆனால் முதல் தவறு கப்பல் ஏறுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. சியாட்டிலில் புறப்பட்டுச் சியாட்டிலுக்கே திரும்பும் பயணங்களில், கடைசி நாள் மாலையில் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் கப்பல் நிற்கும். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்ற 1886ஆம் ஆண்டுச் சட்டமே அதற்குக் காரணம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள், ‘நாங்கள் அங்கே இறங்கப்போவதில்லை’ என்று சொல்லிக் கனடா விசா எடுக்காமல் வந்தால், கப்பல் ஏறும் இடத்திலேயே திருப்பி அனுப்பப்படலாம். அமெரிக்க விசாவும் பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். பெற்றோருக்கு இவ்விரண்டையும் சரிபார்த்த பிறகே முன்பணம் கட்டுவது நல்லது.

இனி நேரக் கணக்குக்கு வருவோம். காலை ஏழு மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை என்று அட்டவணையில் இருந்தால் எட்டு மணி நேரம் என்றே மனம் கணக்குப் போடும். கப்பல் கட்டப்பட்டு, அதிகாரிகள் அனுமதி தந்து, வரிசை நகர்ந்து நாம் இறங்குவதற்குள் முக்கால் மணி போய்விடும். திரும்பி ஏறிவிட வேண்டிய நேரமோ புறப்படும் நேரத்துக்கு அரை மணியாவது முன்னால் இருக்கும். போதாக்குறைக்கு, கப்பல் எங்கே நிற்கிறது என்பதைப் பலர் பார்ப்பதில்லை. கெச்சிக்கனில் நகர மையத்துப் படகுத்துறையில் நின்றால் பத்து நிமிட நடையில் கிரீக் தெருவை அடைந்துவிடலாம். சில கப்பல்களோ வார்ட் கோவ் என்ற இடத்தில், நகரத்துக்குப் பதினொரு கிலோமீட்டர் வடக்கே நிற்கின்றன. அங்கிருந்து பேருந்துக்குக் காத்திருந்து போய்வருவதற்கே ஒரு மணிக்கு மேல் ஆகும். சிட்கா என்ற துறைமுக ஊரிலும் பெரிய கப்பல்கள் ஊருக்கு வெளியேதான் நிற்கின்றன. ஆகவே எந்தத் துறை என்று கேட்டு அறிந்துகொண்ட பிறகே கரைச் சுற்றுலாக்களை முன்பதிவு செய்ய வேண்டும்.

கெச்சிக்கனில் இன்னொரு தவறு, மழை நிற்கட்டும் என்று காத்திருப்பது. ஆண்டுக்குச் சுமார் 380 சென்டிமீட்டர் மழை பெய்யும் ஊர் அது. ஊர்க்காரர்கள் அதைத் ‘திரவ வெயில்’ என்று கேலியாகச் சொல்கிறார்கள். குடை காற்றில் மடங்கிவிடும், ஜீன்ஸ் நனைந்தால் மாலை வரை காயாது. தலைமூடியுள்ள மழைக்கோட்டும், நனைந்தாலும் சீக்கிரம் உலரும் கால்சட்டையும், நீர் புகாத காலணியும் இருந்தால் போதும். என் அப்பா துணிக் காலணியோடு இறங்கினார். கிரீக் தெருவின் மரப்பலகை நடைபாதையில், கீழே ஓடையில் சால்மன் மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து வால்களை அடித்து அடித்து ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்ததை எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

அவ்வூரில் காண வேண்டியவை, உருவங்கள் செதுக்கிய உயர்ந்த மரத்தூண்களான குலக்குறிக் கம்பங்கள். நம்மவர்கள் சிலர் அவற்றைச் சாமி சிலைகள் என்று எண்ணிக் கும்பிடுகிறார்கள். சிலர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் பிழை. டிலிங்கிட், ஹைடா, சிம்ஷியன் என்னும் பூர்வகுடி மக்களின் இந்தக் கம்பங்கள் வழிபாட்டுக்கு உரியவை அல்ல. குலத்தின் வரலாறு, இறந்தவரின் நினைவு, தீராத கடன் என்று ஒவ்வொன்றும் ஒரு செய்தியைச் சொல்கிறது. கெச்சிக்கனுக்குத் தெற்கே நான்கு கிலோமீட்டரில் இருக்கும் சாக்ஸ்மன் கிராமத்தில், 1867இல் அலாஸ்காவை ரஷ்யாவிடமிருந்து வாங்க ஏற்பாடு செய்த வில்லியம் சீவர்டின் உருவம் ஒரு கம்பத்தின் உச்சியில் இருக்கிறது. அது அவரைப் பெருமைப்படுத்த வைத்ததன்று. டிலிங்கிட் தலைவர் ஒருவர் அளித்த விருந்தையும் பரிசுகளையும் பெற்றுக்கொண்டு பதில் மரியாதை செய்யாமல் போனதைக் குத்திக்காட்ட வைத்தது. விளக்கிச் சொல்ல ஆள் இல்லாமல் பார்த்தால் அதுவும் இன்னொரு வண்ணம் பூசிய மரமாகவே தோன்றும். எனவே வழிகாட்டிக்குச் செலவழிக்கலாம் என்று நான் சொல்லும் ஒரே இடம் அதுதான்.

ஜூனோவில் ஆசை மிகுதியால் நாள் கெடுகிறது. மெண்டன்ஹால் பனியாறு, திமிங்கலம் பார்க்கும் படகு, ராபர்ட்ஸ் மலைக் கம்பிவட ஊர்தி, நகரக் கடைகள் என நான்கையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று வரைபடம் நம்பவைக்கும். பனியாறு துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது; படகுகள் புறப்படும் ஆக் விரிகுடாவும் அதே திசையில்தான் இருக்கிறது. ஆகவே அவ்விரண்டையும் சேர்த்துவைத்துக்கொண்டு, கப்பல் நிற்கும் துறைக்கு எதிரிலேயே இருக்கும் கம்பிவட ஊர்தியைக் கடைசிக்கு விட்டுவைக்க வேண்டும். நேரம் போதாவிட்டால் கைவிடக்கூடியது அருகில் இருப்பதுதான். மலிவு என்று நகரப் பேருந்தில் ஏறுபவர்கள், அது பனியாற்றுப் பார்வையாளர் மையம் வரை போகாது என்பதை அறிந்திருக்க வேண்டும். இறக்கிவிடும் இடத்திலிருந்து இரண்டரை கிலோமீட்டர் அளவுக்கு நடக்க வேண்டியிருக்கும். எனக்கு அது தெரியாது. முழங்கால் வலியுள்ள அம்மாவை நடத்திக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, நகெட் அருவி வரை செல்லும் ஒன்றரை கிலோமீட்டர்ப் பாதையை நடக்க யாருக்கும் தெம்பில்லை.

பழைய படங்களைப் பார்த்துவிட்டுப் பனிச்சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் என்று எதிர்பார்ப்பதும் ஏமாற்றத்தில் முடியும். 1962இல் பார்வையாளர் மையம் திறக்கப்பட்டபோது இருந்த இடத்திலிருந்து பனியாறு வெகுதூரம் பின்வாங்கிவிட்டது. இருநோக்கி ஒன்று கையில் இருந்தால் நல்லது; வானம் மூடியிருக்கிறதே என்று சலித்துக்கொள்ளவும் தேவையில்லை, மேகமூட்டத்தில்தான் பனியின் நீலம் தெளிவாகத் தெரியும். மையத்தை ஒட்டிய ஓடைக்குச் சால்மன் வரும் மாதங்களில் கருங்கரடிகளும் வருகின்றன. அதனால் அங்குள்ள நடைபாதைகளில் உணவுப் பண்டங்களுக்குத் தடை இருக்கிறது. முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கும் இடம் அதுவன்று. திமிங்கலப் படகிலும் இதே போன்ற கட்டுப்பாடு உண்டு: கூன்முதுகுத் திமிங்கலத்தை நூறு கஜத்துக்குள் நெருங்கக் கூடாது என்பது சட்டம். படகோட்டியிடம் ‘இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போங்கள்’ என்று வற்புறுத்துவதில் பயனில்லை.

ஜூனோவுக்கும் கெச்சிக்கனுக்கும் வெளியூரிலிருந்து வரும் சாலை கிடையாது. கப்பலைத் தவறவிட்டால் வாடகைக் கார் எடுத்து அடுத்த துறைமுகத்தில் பிடித்துவிட முடியாது. விமானம் அல்லது பயணிகள் படகுதான் வழி, அதுவும் பனிமூட்டம் இல்லாதிருந்தால். கப்பல் நிறுவனத்தின் மூலம் பதிவு செய்த சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது நம்மைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை அவர்கள் ஏற்பார்கள். தனியாகப் பதிவு செய்தவற்றில் விலை குறைவு, கூட்டமும் குறைவு, ஆனால் பொறுப்பு நம்முடையது. தொலைவில் உள்ளவற்றைக் கப்பல் வழியாகவும், நடந்து திரும்பிவிடக் கூடியவற்றைத் தனியாகவும் வைத்துக்கொள்வது என் வழக்கம். மிதவை விமானமும் ஹெலிகாப்டரும் வானிலையால் ரத்தாவது சாதாரணம். பணம் திரும்புமா என்பதை முன்பே படித்துவிட வேண்டும்.

ஸ்காக்வேயில் குழப்பம் குறைவு. ஊரை அரை மணியில் சுற்றிவிடலாம், 1897-98 தங்க வேட்டைக் காலத்தை விளக்கும் தேசியப் பூங்கா மையத்துக்குக் கட்டணமும் இல்லை. வொயிட் பாஸ் ரயிலுக்கு மட்டும் கவனம் தேவை. 32 கிலோமீட்டரில் 2,865 அடி ஏறி உச்சியில் திரும்பிவிடும் பயணம் ஒன்று. எல்லை தாண்டிக் கனடாவின் ஃப்ரேசர், கார்கிராஸ் வரை சென்று பேருந்தில் திரும்பும் பயணம் வேறொன்று. இரண்டாவதற்குக் கடவுச்சீட்டும் உரிய விசாக்களும் கையிலேயே இருக்க வேண்டும். அறைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வந்தவர்கள் ரயிலடியிலிருந்து கப்பலுக்கு ஓடியதைப் பார்த்திருக்கிறேன்.

கப்பலிலேயே தரப்படும் கடை வரைபடத்தை ஊரின் பரிந்துரை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; அதில் இடம்பெறும் வைர, நகைக் கடைகள் பெரும்பாலும் விளம்பரத்துக்குப் பணம் கட்டியவை. உள்ளூர்ப் பொருள் வேண்டுமென்றால் ‘வெள்ளிக் கை’ முத்திரையைத் தேடலாம். அது அலாஸ்காவின் பூர்வகுடிக் கலைஞர் செய்தது என்பதற்கான அரசு அடையாளம்.

கடிகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அலாஸ்கா நேரம் சியாட்டில் நேரத்துக்கு ஒரு மணி பின்தங்கியது. வடக்கே போகும்போது மாற்ற மறந்தால் ஒரு மணி முன்னதாகக் கப்பலுக்கு வந்து சேர்வோம், நட்டமில்லை. தெற்கே திரும்பும்போது மறந்தால் ஒரு மணி தாமதமாவோம். கைபேசியும் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும் என்பதால், கப்பலில் அறிவிக்கும் நேரம் ஒன்றையே நம்ப வேண்டும். விக்டோரியாவில் உள்துறைமுகத்தின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இன்னும் ஒன்றரை மணி இருக்கிறது என்று அப்பா தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். அது அலாஸ்காவிலேயே நின்றிருந்தது. படகுத்துறைக்கு இரண்டு கிலோமீட்டர். வாடகைக் கார் பிடித்து நாங்கள் ஏறியபோது, எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் நான்கே பேர்.