மாவட்டச் சூழல் திட்டம்: கண்மாயை எண்ணிவிட்டால் வேலை முடிந்ததா?

மாவட்டந்தோறும் சுற்றுச்சூழல் திட்டம் தயாரிக்க வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-லேயே சொல்லிவிட்டது. 2022 டிசம்பரில் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கியபின், மாவட்ட அளவிலும் இயக்கம் வந்து, ஆட்சியரே அதன் தலைமைப் பொறுப்பில் இருக்கிறார். ஆக, திட்டம் எழுதுவதில் குறைச்சல் இல்லை. எழுதுகிற விதத்தில்தான் சறுக்குகிறோம். ராமநாதபுரத்தை வைத்தே சொல்கிறேன். இங்கே சூழல் என்றால் முதலில் கண்மாய் என்கிற பாசன ஏரிதான், மற்றதெல்லாம் அப்புறம்.

பெரிய தவறு, கண்மாய்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பட்டியல் போடுவது. இத்தனை கண்மாய், இத்தனை லட்சம், இத்தனை முடிந்தது என்று அட்டவணை அழகாக வந்துவிடும். ஆனால் கண்மாய் தனியாக நிற்பதில்லை. மேல் கண்மாய் நிறைந்து, உபரிநீர் வெளியேறும் கலுங்கு வழியாக வழிந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். ஆயக்கட்டு, அதாவது கண்மாய் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை பார்க்கும். குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். ஒரே தொடரில் இரண்டும் மாறி மாறி வரும். நடுவே ஓடுகிற வரத்துக்கால் வருவாய்ப் பதிவேட்டில் புறம்போக்கு. இரண்டு கண்மாயையும் தூர்வாரிவிட்டு இடையில் உள்ள கால்வாயை விட்டுவிட்டால், கீழ்க் கண்மாய் ஆழமான காய்ந்த பள்ளமாகத்தான் கிடக்கும்.

கலுங்கையும் கவனிக்க வேண்டும். பழைய கலுங்கின் மேல் வரிசையாகக் கல் நட்டிருக்கும். மழை குறையும்போது இடையில் மண்ணும் வைக்கோலும் அடைத்து இரண்டு சாண் தண்ணீரைக் கூடுதலாகப் பிடிக்கலாம். வெள்ளம் வந்தால் பிடுங்கிவிடலாம். பழுதுபார்க்கிறேன் என்று அந்த இடத்தில் உயரமாகக் கான்கிரீட் சுவர் எழுப்பினால், கீழூர்க்காரர்கள் கடப்பாரையோடு வந்து நிற்பார்கள். அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கும்.

இதே சிக்கல் மாவட்ட எல்லையிலும் உண்டு. வைகை தேனி மாவட்டத்து வருசநாட்டு மலையில் பிறந்து, மதுரை, சிவகங்கையைத் தாண்டி ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வருகிறது. கடைமடையில் உட்கார்ந்துகொண்டு நம் மாவட்டத்துக்கு மட்டும் நீர்க்கணக்கு எழுதுவது, வாங்காத சம்பளத்துக்குச் செலவுக் கணக்கு எழுதுவது போல.

அடுத்தது தோண்டுவது. ஆழம் கூடினால் நல்லது என்ற நினைப்பு எல்லோருக்கும் இருக்கிறது. பாசனத் தண்ணீர் வெளியேறும் மடையின் வாய்மட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. நிலத்தடிக்கு இறங்கும், ஆடுமாடு குடிக்கும், அவ்வளவுதான். வண்டி போக வசதி என்று கரையடியிலேயே மண் அள்ளுவது இன்னும் மோசம். கரை பலமிழந்து, அடைமழையில் அங்கேதான் உடைப்பெடுக்கும்.

சீமைக் கருவேலத்துக்கு வருவோம். அதை அகற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வெட்டினால் மட்டும் போதாது. வேர்க்கட்டையை விட்டால் அடுத்த மழைக்குப் புதராகத் துளிர்த்துவிடும். இன்னொன்று, ஜேசிபி ஓட்டுபவருக்கு முள் மரமெல்லாம் ஒன்றுதான். நாட்டுக் கருவேலத்தில் பூ மஞ்சள் உருண்டை, நெற்று மணி கோத்ததுபோல் இடையிடையே இறுகியிருக்கும். சீமையில் பூ நீளக் கதிர். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த சித்திரங்குடிப் பறவைகள் சரணாலயமும் ஒரு கண்மாய்தான். அங்கே பறவைகள் கூடு கட்டுவது நாட்டுக் கருவேலத்தில். மரத்தை அடையாளம் வைத்துக்கொடுக்காமல் இயந்திரத்தை இறக்கக் கூடாது. சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் நிறைய. அவர்களுக்கு வேறு வேலை என்ன என்று ஒரு பத்திகூட இல்லாத திட்டத்தை எப்படித் திட்டம் என்பது?

மரம் நடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓர் ஊரில் கண்மாயின் நீர்பிடிப்புக்குள்ளேயே வரிசையாகக் கன்று நட்டிருந்தார்கள். கார்த்திகையில் போய்ப் பார்த்தபோது கம்பிக் கூண்டுகளின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தது. ஒரு கூண்டில் கொக்கு உட்கார்ந்திருந்தது.

காலம் பார்க்காமல் வேலை தொடங்குவதும் பழகிப்போன தவறு. இங்கே மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கோப்பு நகர்ந்து நகர்ந்து செப்டம்பரில் ஒப்பந்தம் ஆனால், வேலை பாதியில் இருக்கும்போதே தண்ணீர் வந்துவிடும். எவ்வளவு தோண்டினார்கள் என்று பிறகு யார் அளப்பது? சித்திரை, வைகாசியில் மண் வேலை நடக்க வேண்டுமென்றால் மாசிக்குள் உத்தரவு கையில் இருக்க வேண்டும்.

கூட்டத்துக்கு யாரை அழைக்கிறோம் என்பதும் முக்கியம். எந்த மடையை எப்போது திறப்பது, வரத்துக்கால் எங்கே அடைபடும் என்பது ஊரில் தண்ணீர் பகிர்ந்துவிடும் நீர்க்கட்டிக்குத்தான் அத்துபடி. பல ஊர்களில் அந்தப் பொறுப்பே வழக்கொழிந்துவிட்டது, மிச்சமிருப்பவர்களுக்கு வயதாகிவிட்டது. ஆட்சியர் அலுவலகத்துக்கு அவரை வரச்சொல்வதைவிடக் கண்மாய்க் கரையில் போய்க் கேட்பது மேல். ஆவணியின் கடைசியிலும் புரட்டாசியிலும் மட்டும் போகாதீர்கள். மழைக்கு முன் காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்பில் இருப்பார், பேச ஆள் கிடைக்காது.