தூளியிலிருந்து நாலடி

நாச்சியார்கோயிலில் அம்மா வீட்டில் இருக்கிறேன். பிள்ளைக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. கல்லூரிப் பாட வீடியோக்களுக்குச் சப்டைட்டில் தட்டுவது என் வேலை. ஒன்பது மணிக்கு அவன் தூங்கினால் பன்னிரண்டு வரை உட்காருவேன். உத்தரத்துக் கொக்கியில் தூளி, அதிலிருந்து நாலடியில் என் மேசை. இந்த நாலடிக்காக மூன்று ஹெட்போன் மாற்றியாயிற்று.

முதலாவது வீட்டுக்காரர் விட்டுப்போனது. காதை முழுக்க மூடும், வெளிச்சத்தத்தை அடக்கும் நாய்ஸ் கேன்சலிங் வகை. விலையும் அதிகம், சுகமும் அதிகம். ஃபேன் சத்தம்கூட இல்லாமல் ஒரு மணி நேரம் தட்டிக்கொண்டிருந்தேன். யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். திரும்பினால் அம்மா, இடுப்பில் பிள்ளை, முகமெல்லாம் சிவந்து விம்முகிறான். கொல்லையில் பாத்திரம் தேய்த்தவளுக்குக் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. “காதுல ரெண்டு கொட்டாங்குச்சிய கவுத்துக்கிட்டு உக்காந்தா புள்ள அழுவுறது எப்படிடி கேக்கும்?” என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

நாய்ஸ் கேன்சலிங் நன்றாக அடக்குவது ஃபேன், மோட்டார் மாதிரி ஒரே சீராக ஓடும் தாழ்ந்த சத்தத்தை. அழுகை அதைவிட உச்சத்தில் வரும். அதைத் தடுப்பது காதை அழுத்தி மூடும் பஞ்சு. மிச்சத்தைப் பேராசிரியர் குரல் அமுக்கிவிடும். வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதியும் அதில் உண்டுதான். ஆனால் ஃபேன் இரைச்சலையும் சேர்த்து விடுகிறது, தினமும் மறக்காமல் போடவும் வேண்டும். தூக்கக் கலக்கத்தில் நான் மறப்பேன் என்பது எனக்கே தெரியும்.

சரி, காதைத் திறந்தே வைக்கலாம் என்று சித்தி மகனின் ஓடும்போது மாட்டுகிற ஹெட்போனை வாங்கிப் பார்த்தேன். கன்னத்து எலும்பில் அதிர்ந்து கேட்கிற வகை. அழுகை நன்றாகக் கேட்டது. சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது: நான் கேட்பது அவனுக்கும் கேட்டது.

எங்கள் பக்கத்துப் பட்டறையில் பகலெல்லாம் குத்துவிளக்குக்கு அரம் போடுவார்கள். அந்தச் சத்தத்தில் அசையாமல் தூங்குகிற பிள்ளை, இரவில் ‘ச்சு ச்சு’ என்று ஏதோ கசிந்தால் கண்ணைத் திறந்துவிடுகிறான். பகலில் பழகிய இரைச்சல் மற்றதை மூடிவிடுகிறது. இரவில் மூட எதுவுமில்லை. ஹெட்போனிலிருந்து வெளியே அதிகம் தப்புவதும் ‘ச’, ‘ஸ’ மாதிரி கூரான ஒலிகள்தான். காதுக்கு வெளியே தொங்கும் ஓபன் இயர் வகை, பின்பக்கம் வலை வைத்த பெரிய ஓபன் பேக் வகை இரண்டும் இதே கதை. தூளிப் பக்கம் வேண்டாம்.

கசிவை நீங்களே போட்டுக்கொண்டு கண்டுபிடிக்க முடியாது. வேறு யாரையாவது மாட்டச் சொல்லி, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அளவில் பாடத்தை ஓட விட்டு, நீங்கள் தூளிக்கு அடியில் போய் உட்காருங்கள். நான் அம்மாவுக்கு மாட்டிவிட்டேன். “யாருடி இந்த ஆளு, மூச்சே விடாம பேசுறான்?” என்று அவள் கேட்ட பாதி நேரமும் அந்த ஆள் எனக்கும் கேட்டார். இதைச் செய்யும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள், அதுதான் முக்கியம். எங்கள் ஊரில் காற்று மழைக்குக் கரண்டு போனால் ஃபேன் நிற்கும், லேப்டாப் நிற்காது. ஃபேன் இரைச்சலுக்கு மேல் ஏற்றி வைத்த சத்தம் அப்போது தூளி வரை போகும்.

இப்போது நான் வைத்திருப்பது ஒயர் வைத்த சாதாரண இயர்போன், ரப்பர் முனை காதுக்குள் போகிற வகை. கும்பகோணத்தில் 450 ரூபாய். ரப்பர் காதை அடைப்பதால் சத்தத்தைக் குறைத்தே கேட்கலாம், கசிவதும் குறைவு. ஒரு காதில்தான் மாட்டுவேன், தூளிக்கு எதிர்ப்பக்கக் காதில். இந்தப் பக்கக் காது பிள்ளைக்கு. ஒற்றைக் காதில் கேட்பதென்றால் செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி பகுதிக்குள் போய் மோனோ ஆடியோவைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் மற்றப் பக்கத்தில் மட்டும் பதிவான பேச்சு உங்களுக்கு வராது. ஒரு காதில் கேட்கும்போது கை தானாகச் சத்தத்தைக் கூட்டும், அதையும் கவனியுங்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை.

இன்னொரு லாபம்: போன் வந்தால் மெதுவாகப் பேச வருகிறது. இரண்டு காதையும் அடைத்தால் நம் குரல் எவ்வளவு ஏறுகிறது என்று நமக்கே தெரியாது.

புளூடூத் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். படுத்துப் பால் கொடுக்கும்போது ஒயரைப் பிள்ளை கொத்தாகப் பிடித்து இழுப்பான், அதற்குப் புளூடூத்தான் வசதி. ஆனால் சில செட்டில் உதடு அசைந்த பிறகு குரல் வரும், சப்டைட்டில் வேலைக்கு அது ஆகாது. அதைச் சார்ஜ் போட்டு வைக்கும் டப்பாவின் மூடி ‘டக்’ என்று மூடுகிறதா, இருட்டில் நீல விளக்கு சிமிட்டுகிறதா என்றும் பாருங்கள். விளக்கைப் பார்த்த பிள்ளையைத் திரும்பத் தூங்க வைப்பது உங்கள் பாடு.

எதை வாங்கினாலும் முதல் நாளே ஒன்று செய்யுங்கள். ஹெட்போனை மாட்டாத நேரத்தில் லேப்டாப் ஸ்பீக்கரை மியூட் செய்யுங்கள். பிறகு ஹெட்போனைச் செருகி, பாடத்தை ஓட விட்டு, பிடுங்கிப் பாருங்கள். ஸ்பீக்கரில் சத்தம் வரக்கூடாது. சார்ஜ் தீர்ந்தாலோ பின் கழன்றாலோ பேராசிரியர் நடு அறையில் முழங்குவதைத் தடுக்க எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

கடையில் ‘குழந்தை இருக்கிற வீடு’ என்று ஆரம்பிக்காதீர்கள். பூனைக்காது வைத்த ரோஸ் ஹெட்போனை எடுத்து நீட்டுவார்கள். காதை மூடும் பெரியதுதான் வேண்டுமென்றால், அந்தப் பஞ்சின் மேல் என்ன உறை என்று தடவிப் பாருங்கள். ரெக்ஸின் மாதிரி இருப்பது நம்மூர் வேர்வையில் நாளாக நாளாகச் செதில் செதிலாக உரியும். வீட்டுக்காரர் விட்டுப்போனதிலிருந்து ஒரு கறுப்புச் செதில் பிள்ளை கன்னத்தில் ஒட்டியிருந்ததை நான் எடுத்திருக்கிறேன்.

ரப்பர் முனை அவன் வாய்க்குள் போகிற அளவுதான், ஒயரோ கழுத்தைச் சுற்றுகிற நீளம். அதனால் வேலை முடிந்ததும் எண்ணிப் பார்த்துச் சுருட்டிச் சாமி மாடத்தில் வைத்துவிடுகிறேன். காலையில் விளக்கேற்ற வரும் அம்மா அதைப் பிள்ளையாருக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு என்னைத் திட்டுவாள்.