கியோங்ஜு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென் கொரியாவில் பூசானில் குடியிருப்பதால், சில்லா அரசின் பழைய தலைநகரான கியோங்ஜுவுக்குக் கிளம்புகிற நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் தங்கள் பயணத் திட்டத்தை எனக்கு அனுப்பி "சரியா இருக்கா பாருங்க" என்பார்கள். திறந்ததுமே சிரிப்பு வந்துவிடும். இங்கே வந்த புதிதில் நாங்கள் எல்லாரும் போட்ட அதே திட்டம், தேதி மட்டும் வேறு. டி-மணி பயண அட்டை வாங்குங்கள், நேவர் மேப் இறக்கிக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் ஏற்கெனவே ஊரே சொல்லிவிட்டது. அதை விட்டுவிட்டு மற்றதைப் பார்ப்போம்.

## சியோலிலிருந்து காலையில் போய் இரவே திரும்புவது

எத்தனை பேரிடம் சொன்னாலும் எடுபடாத விஷயம் இது. "கேடிஎக்ஸ்ல ரெண்டு மணி நேரம்தானே" என்பார்கள். ரெண்டு மணி நேரம்தான், ஆனால் அந்த அதிவேக ரயில் இறக்கிவிடுவது ஊருக்குள் இல்லை.

ஊர் நடுவில், சோங்தோங் சந்தைக்கு எதிரே இருந்த பழைய கியோங்ஜு ரயில் நிலையத்தை 2021 கடைசியில் மூடிவிட்டார்கள். மேற்கே ஊருக்கு வெளியே "சின்கியோங்ஜு" என்று இருந்த அதிவேக ரயில் நிலையத்துக்கு 2023 டிசம்பரில் "கியோங்ஜு" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பழைய பயணக் குறிப்புகளில் "நிலையத்திலிருந்து கல்லறை மேடுகளுக்கு நடந்தே போகலாம்" என்று இருக்கும். எழுதியபோது அது உண்மை. இப்போது அதே பெயரில் இருப்பது வேறு இடம்.

கோவையிலிருந்து வந்த ஒரு தம்பதி அப்படி ஒரு குறிப்பை நம்பி வந்து இறங்கினார்கள். எனக்கு போன். "அண்ணா, ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறோம், கல்லறை எந்தப் பக்கம்?" எந்தப் பக்கமும் இல்லை, டாக்ஸி பிடியுங்கள் என்றேன். ஊருக்குள் போய்ச் சேர்ந்ததும் ஹ்வாங்ரிதான்கில் தெருவில் வாடகைக்கு ஹான்போக் (கொரியப் பாரம்பரிய உடை), போட்டோ, சாப்பாட்டுக் கடை வரிசை, காபி. புல்குக்சா புத்தர் கோயிலுக்கு பஸ் ஏறும்போது மதியம் மூன்று தாண்டிவிட்டது. ஊர் நடுவிலிருந்து அது முக்கால் மணி நேரத் தூரம். அங்கிருந்து மலைமேல் சொக்குராம் குகைக் கோயிலுக்குப் போகிற 12-ஆம் எண் பஸ் கிட்டத்தட்ட மணிக்கு ஒன்றுதான், அதையும் கண்ணெதிரே விட்டார்கள். நடந்தால் ஏற்றத்தில் ஒரு மணி நேரம், அதற்குள் கதவு சாத்திவிடும். புல்குக்சாவை அரக்கப் பரக்கப் பார்த்துவிட்டு மறுபடி டாக்ஸி, நிலையம், சியோல். ரயிலில் ஒருவருக்கு ஒரு வழிக்கே ஏறக்குறைய 50,000 வோன். ரெண்டு பேர், போக வர எவ்வளவு என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். இவ்வளவும் செலவழித்து, ஊரின் ரெண்டு உச்சங்களான சொக்குராமையும், விளக்கு போட்ட வோல்ஜி குளத்தையும் பார்க்காமல் போனார்கள். இன்னும் நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

பிசகு எங்கே என்றால், கியோங்ஜுவை ஒரே இடம் என்று நினைப்பதில். ஊர் நடுவில் தேருங்வொன் கல்லறை மேடுகள், சோம்சோங்தே வானாய்வுக் கோபுரம், வோல்ஜி குளம், இன்னும் கொஞ்சம் தள்ளி தேசிய அருங்காட்சியகம். இவை நடக்கிற தூரம். தென்கிழக்கே தோஹம்சான் மலையில் புல்குக்சாவும் சொக்குராமும். இந்த ரெண்டு பகுதிகளையும் ஒரு இரவு தங்கினால்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும்.

வரிசையும் முக்கியம். காலையில் முதல் வேலையாகச் சொக்குராம். கீழே இறங்கி புல்குக்சா. ஊருக்குத் திரும்பும் வழியில் அருங்காட்சியகம். இருட்டியதும் வோல்ஜி. 674-இல் மன்னர் முன்மு வெட்டிய அந்தக் குளத்தைப் பகலில் பார்த்தால் சாதாரணப் பூங்காதான். விளக்கு போட்ட பிறகு மண்டபங்கள் தலைகீழாகத் தண்ணீரில் நிற்பதைப் பார்க்கத்தான் இரவு பத்து மணி வரை திறந்து வைத்திருக்கிறார்கள். கல்லறை மேடுகளை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பூசானிலிருந்து வருகிறவர்களுக்கு ரயிலே வேண்டாம். நோபோ பஸ் நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கியோங்ஜு. பஸ் ஊருக்குள்ளேயே நிற்கும், கல்லறை மேடுகள் நடை தூரம்.

## சொக்குராமில் "இவ்வளவுதானா" என்பது

வண்டி நிறுத்துமிடத்திலிருந்து காட்டுப் பாதையில் கால் மணி நேரம் நடந்து போனால் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு புத்தர். போட்டோ எடுக்கக் கூடாது. நிறைய பேர் ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். கண்ணாடி சும்மா வைத்ததல்ல. 1913-15 வாக்கில் ஜப்பானியர் ஆட்சியில் சிமென்ட் போட்டுப் பழுது பார்த்ததில் உள்ளே ஈரம் கோத்துக் கல் கெடத் தொடங்கியது. அதற்கு வைத்தியம் பார்த்துப் பார்த்துத்தான் கண்ணாடிச் சுவர் வரை வந்து நிற்கிறது. கூட்டம் ஒரு முறை கலையும் வரை ஓரமாக நில்லுங்கள். 8-ஆம் நூற்றாண்டில் கருங்கல்லில் குவிமாடம் கட்டி, நடுவில் மூன்றரை மீட்டர் உருவத்தை உட்கார வைத்திருக்கிறார்கள். கண் பழகப் பழகத்தான் சுற்றியுள்ள சிற்பங்கள் ஒவ்வொன்றாகப் புலப்படும்.

## போமுன் ஏரிக்கரை ஓட்டல்

படத்தில் அழகு. எதைப் பார்க்கவும் பஸ். கார் இல்லையென்றால் வேண்டாம்.

## மேட்டின் மேல் ஏறுவது

புல் மேடு என்று நினைத்துச் சறுக்கி விளையாடுகிறார்கள். உள்ளே இருப்பது கல்லறை. 2020-இல் ஒருவர் காரையே மேலே ஏற்றி நிறுத்தி நாடு முழுக்கச் செய்தி ஆனார். சட்டப்படி ரெண்டு வருடம் வரை சிறை, இல்லை 2 கோடி வோன் வரை அபராதம். உள்ளே பார்க்க ஆசையென்றால் 1973-இல் தோண்டிய சோன்மாசோங் கல்லறையைத் திறந்தே வைத்திருக்கிறார்கள், டிக்கெட் வாங்கிப் போகலாம்.

## முதல் நாளே ரொட்டிப் பெட்டி

1939-இலிருந்து ஹ்வாங்னாம் ரொட்டி இந்த ஊரின் அடையாளம். மெல்லிய மாவுக்குள் சிவப்புப் பயறுப் பூரணம், நம் வாய்க்கு உடனே பிடித்துவிடும். அதற்காக வந்த அன்றே பத்துப் பெட்டி வாங்கி ஒரு வாரம் சுமந்தால், ஊர் சேர்வதற்குள் கெட்டுவிடும். அங்கேயே சூடாகத் தின்னுங்கள், கொண்டுபோவதற்குக் கிளம்பும் நேரத்தில் வாங்குங்கள். சைவக்காரர்கள் கவனிக்க: மாவில் முட்டை உண்டு. பத்து வோன் நாணய வடிவ ரொட்டிக்குள் இருப்பது பாலாடைக்கட்டி. அந்த நாணயத்தில் இருக்கும் தாபோதாப் கோபுரம் புல்குக்சா முற்றத்தில் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து தின்றால் கொஞ்சம் கூடுதல் ருசி.

## அருங்காட்சியகத்துக்கு முன்பே நினைவுப் பொருள்

சிரிக்கும் முகம் பதித்த கூரை ஓட்டுத் துண்டு ஒன்று காந்தப் பொம்மையாக, சாவிக்கொத்தாக எல்லாக் கடையிலும் தொங்கும். அசலில் முகத்தின் கீழ்மூலை ஒன்று உடைந்துபோயிருக்கும், சிரிப்பு மட்டும் மிச்சம். அருங்காட்சியகத்தில் அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் எந்த நகல் தேறும் என்று கண்ணே சொல்லிவிடும். நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் கிடையாது. முற்றத்தில் 771-இல் வார்த்த பதினெட்டு டன்னுக்கும் மேலான மணி தொங்குகிறது. காதில் விழுவது ஒலிப்பதிவு, மணியை வழக்கமாக அடிப்பதில்லை.

## "பழைய" மண்பாண்டம்

சில்லா காலத்து ஜாடி என்று சாம்பல் நிறத்தில் விற்பார்கள். புது நகல் என்றால் ரசீதில் அப்படியே எழுதி வாங்குங்கள். நிஜமாகவே பழையது என்றால் இன்னும் சிக்கல், தொல்பொருளை நாட்டைவிட்டு வெளியே எடுத்துப்போகத் தடை இருக்கிறது. சந்தேகம் வந்தால் விமான நிலையத்தில் நிறுத்தி மதிப்பிடுவார்கள்.

## பாஸ்போர்ட்டை அறையில் பூட்டிவைப்பது

வரிச் சலுகை உள்ள கடைகளில் 15,000 வோனுக்கு வாங்கினாலே வரியைப் பில்லிலேயே கழித்துவிடுவார்கள். பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

## பேரம்

விலை எழுதி ஒட்டியிருந்தால் அதுதான் விலை. விட்டுவிடுங்கள்.

## இளவரசியைத் தேடுவது

கி.பி. 48-இல் கடல் கடந்து வந்ததாகச் சொல்லப்படும் ராணி ஹோ ஹ்வாங்-ஓக் தமிழச்சியா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் அவர் கல்லறை கியோங்ஜுவில் இல்லை. அது கயா நாட்டுக் கதை, பூசானை ஒட்டிய கிம்ஹே ஊரில் இருக்கிறது. அங்கே போக வேறு நாள் ஒதுக்குங்கள்.